மெதினா: ஒரு ஸ்பானியக் குடும்பப் பெயரின் வரலாறு

மதீனா என்ற சொல்லைக் கேட்டதும் முஸ்லிமின் உள்ளம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடங்கியிருக்கும் திருநகரை நோக்கித் திரும்புவது இயல்பு. அதே சொல், ஒலியில் சற்றே மாறி, 'மெதினா' என்ற வடிவில் ஸ்பெயின் நாட்டின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களுள் ஒன்றாக இன்று வழங்கி வருகிறது. அந்நாட்டின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் வெளியிடும் பட்டியல்களில் முதல் ஐம்பது பெயர்களுக்குள் அது இடம்பெறுகிறது. தந்தைவழிப் பெயராக அதைக் கொண்டோர் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் அதிகம். அட்லாண்டிக் கடலைக் கடந்தால் மெக்சிகோ முதல் சிலி வரை அப்பெயர் கொண்டோரைக் காணலாம்.

இச்செய்தியை அறியும் நம்மவர் பலர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். 'மெதினா' என்று பெயர் கொண்ட ஸ்பானியர் அனைவரும் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் என்பதே அம்முடிவு. உள்ளத்துக்கு இதமளிக்கும் கூற்றுத்தான். ஆனால் அது உண்மையா? இப்பெயரின் வரலாற்றைப் படிப்படியாகப் பார்த்தால், உண்மை இதைவிடச் சிக்கலானது என்பதும், இதைவிட ஆழ்ந்த துயரம் உடையது என்பதும் விளங்கும்.

சொல்லின் வேர்

'மதீனா' என்ற அரபுச் சொல்லுக்கு நகரம் என்பது பொருள். அதன் வேர் குறித்து அரபு அகராதி ஆசிரியர்களிடையே பழங்காலம் தொட்டே இரு கருத்துகள் உண்டு. ஓரிடத்தில் நிலைத்துத் தங்குதல் என்னும் பொருள் தரும் 'மதன' என்ற வினையிலிருந்து பிறந்தது என்பது ஒன்று. அடங்குதல், ஆட்சிக்கு உட்படுதல், தீர்ப்பு வழங்குதல் ஆகிய பொருள்களைத் தழுவி நிற்கும் 'தான' என்ற வினையிலிருந்து பிறந்தது என்பது மற்றொன்று. இப்னு மன்ளூர் தமது 'லிஸானுல் அரப்' பேரகராதியில் இவ்விரண்டையும் பதிவு செய்துள்ளார். இக்கால மொழியியலார் இரண்டாம் கருத்தின் பக்கமே பெரிதும் சாய்கின்றனர். அரபுக்கு உறவான அரமேய மொழியில் இச்சொல் ஒரு நீதிபதியின் அதிகாரத்துக்கு உட்பட்ட நிலப்பகுதியைக் குறித்தது. எபிரேயத்தில் அது மாகாணத்தையும், பின்னாளில் அரசையும் குறிக்கலாயிற்று. சட்டமும் தீர்ப்பும் செல்லுபடியாகும் இடமே நகரம் என்ற எண்ணம் இச்சொல்லுக்குள் பொதிந்து கிடக்கிறது.

திருக்குர்ஆனில் இச்சொல் நபிகளாரின் நகரத்தை மட்டுமே குறிப்பதன்று. யூஸுஃப் அத்தியாயத்தில் அது எகிப்தின் நகரையும், கஹ்ஃபு அத்தியாயத்தில் குகைத் தோழர்கள் உணவு வாங்க ஆளனுப்பிய நகரையும் சுட்டுகிறது. தவ்பா, அஹ்ஸாப், முனாஃபிகூன் ஆகிய அத்தியாயங்களில் அது நபிகளாரின் நகரைச் சுட்டுகிறது. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்த பின்னர் யத்ரிப், 'மதீனத்துந் நபி' ஆனது. அடைமொழியே வேண்டாத அளவுக்கு 'அல்மதீனா' என்றாலே அதுதான் என்றாகியது. பொதுப் பெயர் சிறப்புப் பெயரான வரலாறு இது.

இவ்வேறுபாட்டை அரபு இலக்கணத்தாரும் கருத்தில் கொண்டனர். நபிகளாரின் நகரைச் சேர்ந்தவரை 'மதனீ' என்றும், மன்ஸூர் கலீஃபா எழுப்பிய பக்தாதைச் சேர்ந்தவரை 'மதீனீ' என்றும், கிஸ்ராவின் மதாயினைச் சேர்ந்தவரை 'மதாயினீ' என்றும் பிரித்து வழங்குவது முறை என்று அவர்கள் எழுதினர். ஊரைச் சார்த்திப் பெயரிடும் இந்த 'நிஸ்பத்' முறையை நினைவில் கொள்வது நல்லது. இக்கட்டுரையின் முக்கிய வாதம் ஒன்று இதன் மீதே நிற்கிறது.

அந்தலூஸின் மதீனாக்கள்

711இல் தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்த பின்னர், ஐபீரியத் தீபகற்பத்தின் ஊர்களுக்கு அரபுப் பெயர்கள் படியத் தொடங்கின. கோட்டை 'கல்ஆ' என்றும், பாலம் 'கன்தரா' என்றும் குறிக்கப்பட, அவை பின்னாளில் அல்கலா, அல்காந்தரா என்ற ஊர்களாயின. அவ்வாறே 'மதீனா' என்பதும் பல ஊர்களின் முதற்பகுதியானது.

தெற்கே காதிஸ் மாகாணத்தில் உள்ள மெதினா சிதோனியா, அரபு நூல்களில் 'மதீனத்து ஷதூனா' எனப்படுகிறது. வடக்கே சோரியா மாகாணத்தில் உள்ள மெதினாசெலி, 'மதீனத்து ஸாலிம்'. பர்பர் இனத்து மஸ்மூதா குலத்தைச் சேர்ந்த ஸாலிம் என்பாரின் பெயரால் அது அமைந்தது என்பர். மூன்றாம் அப்துர் ரஹ்மானின் தளபதி காலிப் 946இல் அந்நகரை வலுப்படுத்தி எல்லைக் காவல் தலைநகராக்கினார். மாபெரும் போர்த்தலைவரான அல்மன்ஸூர் தமது இறுதிப் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் 1002இல் (ஹிஜ்ரி 392) இறந்து அடங்கியதும் அங்கேதான். ஸாலிமை மறந்துவிட்ட பிற்காலத்தார், ஊர்ப்பெயரின் ஈற்றுப் பகுதியை இலத்தீன் சொல்லாகக் கொண்டு 'வானத்து நகரம்' என்று பொருள் சொல்லத் தலைப்பட்டனர். ஒரு மனிதர் இவ்வாறு வானமாக மாறினார்!

குர்துபாவுக்கு அருகே மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936இல் கட்டத் தொடங்கிய 'மதீனத்துஸ் ஸஹ்ரா' ஒரு நூற்றாண்டு கூட நீடிக்கவில்லை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூண்ட உள்நாட்டுப் போரில் அது சூறையாடப்பட்டது. 1911இல் அகழாய்வு தொடங்கியது. 2018இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று ஸ்பானியர் அதை 'மெதினா அசஹாரா' என்கின்றனர்.

வடக்கே துவேரோ ஆற்றுச் சமவெளியில் உள்ள மெதினா தெல் காம்போ, மெதினா தே ரியோசெகோ ஆகியவையும், அதற்கும் வடக்கே புர்கோஸ் மாகாணத்தில் உள்ள மெதினா தே போமாரும் சற்று வேறுபட்டவை. இப்பகுதிகளில் முஸ்லிம் ஆட்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆயினும் அரபுப் பெயர் எவ்வாறு வந்தது? தெற்கிலிருந்து குடிபெயர்ந்த, அரபு பேசிய கிறித்தவர்கள் இச்சொல்லைக் கொண்டு வந்திருக்கக்கூடும் என்பது அறிஞர் பலரின் கருத்து. முஸ்லிம்கள் வாழ்ந்த இடத்தில் மட்டுமே அரபுச் சொல் வாழ்ந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. அந்நாளில் அரபு, ஒரு நாகரிகத்தின் பொதுமொழியாக இருந்தது.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 'மதீனா' என்பதன் சிறுமை வடிவமான 'முதைனா' அரண் சூழ்ந்த உள்நகரைக் குறித்தது. அதுவே 'அல்முதேனா' என்றாகி, மத்ரித் நகரின் காவல் அன்னையாகக் கிறித்தவர் போற்றும் மரியாளின் பெயரானது. முஸ்லிம் அமீர் முதலாம் முஹம்மது ஒன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டையிலிருந்து வளர்ந்த அந்நகரின் பேராலயம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. பெண் மக்களுக்கு அல்முதேனா எனப் பெயரிடும் பெற்றோர் ஸ்பெயினில் ஏராளம்.

ஊர்ப்பெயர் குடும்பப் பெயரானது

ஸ்பானியக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் இரு வழிகளில் அமைந்தவை. பெர்னாந்தோவின் மகன் பெர்னாந்தெஸ் என்பது போலத் தந்தையின் பெயரால் வருவது ஒன்று. பிறந்த ஊரின் பெயரால் வருவது மற்றொன்று. 'தே மெதினா', அதாவது மெதினாவைச் சேர்ந்தவர் என்பது இரண்டாம் வகை. ஒருவர் தம் ஊரைவிட்டு வேறூரில் குடியேறும்போதுதான் அவரை ஊர்ப்பெயரால் அழைக்க வேண்டிய தேவை எழும். மெதினா தெல் காம்போ பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் தலைசிறந்த சந்தை நகரங்களுள் ஒன்று. கம்பளியும் துணியும் விலைபோன அச்சந்தைகளில் பல நாட்டு வணிகரின் உண்டியல்கள் கைமாறின. அங்கிருந்து புறப்பட்டோர் வழியாகவும், மற்ற மெதினாக்களிலிருந்து சென்றோர் வழியாகவும் இப்பெயர் நாடெங்கும் பரவியது. அஃதாவது இது ஒரே மூதாதையரிடமிருந்து கிளைத்த பெயரன்று. தொடர்பற்ற பல குடும்பங்கள் தனித்தனியே அடைந்த பெயர் இது. அதன் பரவலுக்கு முதற்காரணமும் இதுவே.

மேலே கூறிய நிஸ்பத் வாதம் இங்கேதான் பொருந்துகிறது. ஷதூனா நகரத்து முஸ்லிம் ஒருவர் தம்மை 'அஷ்ஷதூனீ' என்று அழைத்துக்கொள்வாரே அன்றி, வெறுமனே 'நகரம்' என்று அழைத்துக்கொள்ளமாட்டார். அரபு தெரிந்தவருக்கு 'மதீனா' பொதுச்சொல். அது யாரையும் அடையாளம் காட்டாது. பொருள் மறைந்து வெறும் ஊர்ப்பெயராகச் செவியில் விழும் காஸ்தீலிய மொழியாருக்குத்தான் அது பெயராக முடியும். ஆகவே 'மெதினா' என்ற குடும்பப் பெயர், சொல்லால் அரபு; பெயராக அமைந்த முறையால் காஸ்தீலியம்.

மூன்று சமயத்தாரின் பெயர்

இப்பெயரைத் தாங்கிய வரலாற்று மனிதர்களைப் பார்த்தால் இது தெளிவாகும். 1545இல் வெளிவந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்ட கடலோடும் கலை நூலை எழுதிய பேத்ரோ தே மெதினா ஒரு கிறித்தவர். பாதரசத்தைக் கொண்டு வெள்ளியைப் பிரித்தெடுக்கும் முறையை 1550களில் மெக்சிகோவின் பச்சூகா சுரங்கங்களில் நடைமுறைப்படுத்திய பார்த்தலோமே தே மெதினாவும் அவ்வாறே. மறுபுறம், உதுமானியப் பேரரசின் சலோனிகா நகரில் வாழ்ந்து, யூதச் சட்டத் தீர்ப்புகளால் புகழ்பெற்ற ஸாமுவேல் தே மெதினா (1506-1589) ஒரு யூத ரப்பி. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூத சமூகத்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் 1700இல் 'சர்' பட்டம் பெற்ற ஸாலமன் தே மெதினாவும் யூதரே.

இப்பெயரோடு தொடர்புடைய முரண்களுக்கும் குறைவில்லை. கிரனாடாவை 1492இல் கைப்பற்றிய இஸபெல் அரசி 1504 நவம்பர் 26 அன்று உயிர்நீத்தது மெதினா தெல் காம்போவில். ஆப்பிரிக்காவை வெல்லும் முயற்சியைக் கைவிடலாகாது என்று தம் வாரிசுகளுக்குக் கூறும் மரண சாசனத்தில் அவர் கையொப்பமிட்டதும் அரபுப் பெயர் கொண்ட அவ்வூரில்தான். மெதினா சிதோனியாவின் கோமகன் 1588இல் ஸ்பானியப் பெருங்கடற்படையை இங்கிலாந்துக்கு எதிராக நடத்திச் சென்றார். அமெரிக்கக் கண்டத்தில் இயங்கிய சமய விசாரணை மன்றங்களின் வரலாற்றை ஆவணங்களைக் கொண்டு பல நூல்களாக எழுதியவர் சிலி நாட்டுப் பேரறிஞர் ஹொஸே தொரிபியோ மெதினா (1852-1930).

பெயரை இழந்தவர்கள்

அப்படியானால் முஸ்லிம்களின் பெயர்கள் என்னவாயின? துயரம் இங்கேதான் தொடங்குகிறது.

கிரனாடா சரணடைந்தபோது முஸ்லிம்களுக்குச் சமய உரிமை உறுதியளிக்கப்பட்டது. ஆனால் 1499 முதல் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கியது. 1502இல் காஸ்தீலியா முழுமைக்கும், 1526இல் அரகோன் பகுதிக்கும் அது விரிந்தது. ஞானஸ்நானம் பெற்றவருக்குக் கிறித்தவப் பெயர் இடப்பட்டது; குடும்பப் பெயர் பலவேளைகளில் ஞானத்தந்தையினுடையதாகவே இருந்தது. இந்த ஐபீரிய வழக்கம் நமக்கும் அயலானதன்று. 1530களில் போர்ச்சுகீசியர் வழியாகக் கிறித்தவம் தழுவிய முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பர்னாந்து முதலான பெயர்கள் வேரூன்றியதும் இவ்வாறுதான்.

மொரிஸ்கோக்கள் எனப்பட்ட இம்மக்கள் சில காலம் இரட்டைப் பெயர்களோடு வாழ்ந்தனர். வெளியில் ஒரு பெயர். வீட்டில் ஒரு பெயர். 1567 ஜனவரி முதல் நாள் கிரனாடாவில் அறிவிக்கப்பட்ட அரச ஆணை இதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது. அரபு மொழி, பாரம்பரிய உடை, குளியலறைகள் ஆகியவற்றோடு முஸ்லிம் பெயர்களும் குலப்பெயர்களும் தடைசெய்யப்பட்டன. இதை எதிர்த்துக் கிரனாடாவின் முதிய பிரமுகர் பிரான்ஸிஸ்கோ நூனியெஸ் முலேய் என்பவர் அரச மன்றத் தலைவரிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். அவருடைய பெயரின் ஈற்றில் நிற்கும் 'முலேய்', 'மவ்லாய்' என்ற அரபுச் சொல்லே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உடையும் மொழியும் நாட்டு வழக்கங்களேயன்றிச் சமயமல்ல என்று வாதாடிய அவர், பெயர்கள் குறித்து எழுப்பிய கேள்வி இன்றும் நெஞ்சைத் தைக்கிறது. குலப்பெயர் அழிந்தால் யார் எவருடைய மக்கள் என்பதை எவ்வாறு அறிவது? அதனால் யாருக்கு என்ன பயன்? இதுவே அவரது வாதத்தின் சாரம். அது செவிமடுக்கப்படவில்லை.

மறு ஆண்டே அல்புஹாரா மலைகளில் கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எர்னாந்தோ தே வாலோர் முதலில் செய்தது, முஹம்மது இப்னு உமையா என்று பெயர் மாற்றிக்கொண்டதுதான். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் ஏறத்தாழ 80,000 பேர் காஸ்தீலியாவின் ஊர்களுக்குச் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை சுமார் மூன்று லட்சம் பேர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர்.

ஆக, முஸ்லிம்களின் பெயர்கள் சட்டத்தால் துடைக்கப்பட்ட அதே நாட்டில், 'மெதினா' என்ற அரபுச் சொல் எவ்வித இடையூறும் இன்றி வாழ்ந்தது. அது யாரையும் உறுத்தவில்லை. ஏனெனில் அது அரபு என்பதையே அந்நாட்டார் மறந்திருந்தனர். முஸ்லிமாக அடையாளம் காட்டிய பெயர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மொரிஸ்கோக்களிலும் சிலர் மெதினா என்ற பெயரைப் பெற்றிருக்கலாம். ஆனால் பெரும்பாலோர் பெற்றவை, தம் ஞானத்தந்தையரும் அயலாரும் கொண்டிருந்த அதே சாதாரணக் காஸ்தீலியப் பெயர்கள். முஸ்லிம் மூதாதையரின் சுவட்டைத் தேடுவோர் அரபு ஒலிக்கும் பெயர்களில் மட்டும் தேடுவது, தொலைத்த இடத்தை விட்டு வெளிச்சமுள்ள இடத்தில் தேடுவது போன்றதாகும்.

கடலின் இரு கரைகள்

ஜிப்ரால்தர் நீரிணையின் மறுகரையில் இதன் எதிர்ப்படிவத்தைக் காணலாம். மொராக்கோவின் திதுவான், ரபாத், ஸலா ஆகிய நகரங்களில் அந்தலூஸ் வழிவந்த முஸ்லிம் குடும்பங்கள் சில ஸ்பானியப் பெயர்களையே இன்றும் தாங்கியுள்ளன. திதுவானின் தேசிய இயக்கத் தலைவராக விளங்கிய அப்துல் காலிக் தொர்ரெஸ் (1910-1970) பெயரில் உள்ள 'தொர்ரெஸ்', கோபுரங்கள் எனப் பொருள்படும் தூய ஸ்பானியச் சொல். ரபாத்தின் 'பர்காஷ்' குடும்பப் பெயர் 'வர்காஸ்' என்பதன் அரபு உருவம். ஆக, மத்ரிதில் அரபுப் பெயரோடு ஒரு கிறித்தவர். திதுவானில் ஸ்பானியப் பெயரோடு ஒரு முஸ்லிம். எவருடைய பெயரைக் கொண்டு எவருடைய சமயத்தை அளப்பது?

அமெரிக்கக் கண்டத்துக்கு மெதினா என்ற பெயர் குடியேறிகளோடு சென்றது. ஸ்பெயினுக்குள்ளேயே அந்தலூஸியாவிலும் கேனரித் தீவுகளிலும் அது மிகுதி. புதிய உலகுக்குச் சென்றோரில் பெரும் பங்கினர் இப்பகுதிகளைச் சேர்ந்தவர்கள். டொமினிக்கன் குடியரசின் அதிபராக 2012 முதல் 2020 வரை இருந்தவர் தனிலோ மெதினா. பிலிப்பைன்ஸிலும் இப்பெயர் பரவலானதே. அங்கே 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா, அச்சிட்ட பட்டியலிலிருந்து மக்களுக்குக் குடும்பப் பெயர்களை வழங்க ஆணையிட்டார். அந்நாட்டின் தெற்கே, ஸ்பானியர் 'மோரோ' என்று அழைத்த முஸ்லிம்கள் அவ்வாட்சிக்கு முழுமையாக அடங்காததால், அவர்களுடைய பெயர்கள் பெரிதும் பழைய நிலையிலேயே நிலைத்தன.

பெயர் சாட்சியாகுமா?

இது வெறும் வரலாற்று ஆர்வம் சார்ந்த வினா அன்று. ஸ்பானிய நாடாளுமன்றம் 2015இல் ஒரு சட்டம் இயற்றியது. 1492இல் வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்கள் தம் மரபை நிறுவினால் ஸ்பானியக் குடியுரிமை பெறலாம் என்பது அதன் சாரம். விண்ணப்பிக்கும் காலம் 2019 அக்டோபர் முதல் நாள் முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். மெதினா உள்ளிட்ட பெயர்களைக் கொண்ட பட்டியல்கள் அப்போது உலகெங்கும் உலவின. ஆனால் குடும்பப் பெயரைச் சான்றுகளுள் ஒன்றாகச் சட்டம் ஏற்றதேயன்றி, பெயர் இருந்தாலே போதும் என்று அது கூறவில்லை. மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்களுக்கு இதற்கு நிகரான சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. ஒரே நாட்டிலிருந்து, ஒரே வகைக் காரணத்துக்காகத் துரத்தப்பட்ட இரு சமூகங்களுள் ஒன்றுக்கு மட்டும் பரிகாரம் கிடைத்தது என்பதை வரலாற்றாசிரியர்களும் மொராக்கோவில் உள்ள அந்தலூஸ் குடும்பத்தாரும் சுட்டிக்காட்டியுள்ளனர்.

மரபணு ஆய்வும் பெயரை நம்பவேண்டாம் என்றே எச்சரிக்கிறது. ஐபீரிய ஆண்களிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வு, தந்தைவழி மரபில் சராசரியாகப் பத்து விழுக்காட்டினரிடம் வடஆப்பிரிக்கச் சுவடு இருப்பதாக மதிப்பிட்டது. அச்சுவடு முஸ்லிம் ஆட்சி மிக நீண்ட காலம் நீடித்த கிரனாடாப் பகுதியைவிட வடமேற்கில் மிகுந்து காணப்பட்டது என்பது கவனத்துக்குரியது. மதிப்பீட்டின் நுணுக்கங்கள் விவாதத்துக்கு உரியன என்றாலும், பெயரும் ஊரும் காட்டாத இடத்தில் மரபு ஒளிந்திருக்கக்கூடும் என்பது இதனால் தெளிவாகிறது.

மக்களை அவர்களின் தந்தையரோடு இணைத்தே அழைக்குமாறு அஹ்ஸாப் அத்தியாயம் அறிவுறுத்துகிறது. குலங்களும் கிளைகளும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று ஹுஜுராத் அத்தியாயம் கற்பிக்கிறது. இக்கண்ணோட்டத்தில், ஒரு சமூகத்தின் பெயர்களைச் சட்டத்தால் அழிப்பது அதன் நினைவின் மீது இழைக்கப்படும் கொடுமை. அவ்வாறே, ஒலி ஒற்றுமையை மட்டும் கண்டு பிறருடைய மூதாதையரை நம்முடையவராக எழுதிக்கொள்வதும் நேர்மையாகாது. மெதினா என்ற பெயர், அந்தலூஸின் அரபு நாகரிகம் ஸ்பானிய மண்ணிலும் மொழியிலும் எவ்வளவு ஆழமாக ஊன்றியது என்பதற்கு ஐயமற்ற சாட்சி. அதைத் தாங்குவோரின் குருதிக்கு அது சாட்சி அன்று. அங்கே வாழ்ந்த முஸ்லிம்களின் பேரர்கள், 1567க்குப் பின் தரப்பட்ட வேறு பெயர்களுக்குள் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும். தாங்கள் யார் என்பதை அறியாமலே.